இரண்டு மாதப் பட்டாளம்

நவம்பர் 11, செவ்வாய்

மைதா மொத்தக்கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை மாதமும் பேக்கரி அலமாரியில் தட்டுகளுக்கு அடியில் கிடந்தது. வருடம் முடியப்போகும் நேரத்தில் டைரி எழுத ஆரம்பிக்கிறவள் இந்தச் சோலைமட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருக்கட்டும்.

இன்று கடையைத் திறந்தேன். அதற்குள்ளா என்று கேட்டவர்களிடம், ரொட்டி வேண்டுமா வேண்டாமா என்று திருப்பிக் கேட்டேன். வாங்கிக்கொண்டு போனார்கள்.

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

என் வீட்டுக்காரரையும் சேர்த்து இங்கே ஆறு பேர் டெரிடோரியல் ஆர்மியில் இருக்கிறார்கள். வருடத்தில் இரண்டு மாதம் கூப்பிட்டுப் பயிற்சி கொடுப்பார்கள். போர், வெள்ளம் என்றால் உத்தரவு போட்டு அழைப்பார்கள். மற்ற நாளெல்லாம் அவரவர் பிழைப்பு. ஹவில்தார் போஜனுக்குக் காரட் தோட்டம், தவமணிக்கு லாரி, அவருக்கு இந்த பேக்கரி. ‘ரெண்டு மாசப் பட்டாளம்’ என்று ஊரே கேலி செய்யும். நானும் செய்திருக்கிறேன். பயிற்சி முடிந்து இரும்புப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், “எல்லையெல்லாம் பத்திரமா இருக்குங்களா, மைதா மூட்டையை இறக்கலாமா” என்பேன். சிரித்துக்கொண்டே மூட்டையை இறக்குவார்.

போன வாரம் திங்கட்கிழமை விடிகாலையில் மேல்பாலம் லைன் வீடுகளுக்குப் பின்னால் மலை இறங்கியது. தேயிலை வேலைக்காரர்களின் குடியிருப்பு அது. முதல் சரிவிலேயே ஓரத்து வீடுகள் இரண்டு, உள்ளே இருந்த ஆறு பேரோடு போய்விட்டன. மரங்கள் விழுந்து சாலை அடைத்துக்கொண்டதால் தீயணைப்பு வண்டி கீழேயே நின்றுவிட்டது. போஜன் போன் செய்தார். வீட்டுக்காரர் கையிலிருந்த மாவைக் கழுவிவிட்டு பீரோவைத் திறந்து யூனிஃபார்மை எடுத்தார்.

“அவங்க கூப்பிடாம அதைப் போடலாமா?” என்று கேட்டேன்.

“லுங்கியோட போய் வீட்டை விட்டு வெளிய வாங்கன்னா எவன் வருவான்? இதைப் பார்த்தா வருவாங்க.”

வந்தார்கள். ஆறு பேருமாக மொத்த லைனையும் காலி செய்து ஜனங்களை மாதா கோயிலில் சேர்த்தார்கள். கடைசியில், வாதம் வந்து படுக்கையில் கிடக்கும் பரமசிவத்தை அவர் முதுகில் சுமந்து வந்து தவமணியிடம் ஒப்படைத்தார். ஒரு வீட்டுக் கதவு இன்னும் சாத்தியிருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். மலை இரண்டாம் முறை இறங்கியது.

சாத்தியிருந்த வீட்டில் யாரும் இல்லை. அவர்கள் தீபாவளிக்குப் போனவர்கள், ஊரிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

வர்க்கி பிஸ்கட் மாவு இன்று சரியாகப் புளிக்கவில்லை. குளிர்.


நவம்பர் 13, வியாழன்

பஸ் நிலையத்தில் பெரிய பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். வியாபாரிகள் சங்கத்தின் உபயம். ‘நிலச்சரிவில் சிக்கி உயிர்நீத்த எழுவருக்குக் கண்ணீர் அஞ்சலி’. ஏழு படங்கள். ஐந்தாவது அவர்.

முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீலக் கோட்டு, சிவப்பு டை. கல்யாணத்தன்றுகூட அவர் கோட்டு போட்டதில்லை. பிறகுதான் புரிந்தது. அது பட்டாலியனில் எடுத்த படம். உடுப்பை அழித்துவிட்டுக் கோட்டு மாட்டியிருக்கிறார்கள். தொப்பியை எடுத்த இடத்தில் முடி வைத்திருக்கிறார்கள். அடர்த்தியாக, வகிடு எடுத்து. அவருக்கு முன்பக்கம் முடி கொட்டிப் பத்து வருடமாகிறது.

ஸ்டூடியோ செல்லதுரையிடம் போய்க் கேட்டேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

“யூனிஃபார்ம் வெச்சா பிரச்னை ஆகும்னு தாலுக்கா ஆபீஸ்ல சொன்னாங்கக்கா. கோட்டு நல்லாத்தானே இருக்கு?”

அதைவிட அந்த வார்த்தைதான் என்னை அறுத்தது. ‘சிக்கி’. பொறியில் எலி சிக்கும். வலையில் மீன் சிக்கும். அவர் தெரிந்தே நடந்து போனார்.


நவம்பர் 14, வெள்ளி

பிளெக்ஸிலிருந்து அவர் படத்தை வெட்டி எடுத்துவிட்டேன்.

காலை பத்து மணி இருக்கும், பஸ் நிலையம் நிறைந்திருந்தது. பூக்கடையில் ஸ்டூல் கேட்டேன், கொடுத்தார்கள். ரொட்டி வெட்டும் கத்திதான். நீளமான கத்தி, சுத்தமாக வெட்டியது. மற்ற ஆறு பேர் மேல் ஒரு கீறல் விழவில்லை. ஒருவரும் தடுக்கவில்லை. ஊட்டி பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மதியம் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். பொது இடத்தில் கத்தி எடுத்தது, பிளெக்ஸைச் சேதப்படுத்தியது என்று எஸ்.ஐ. சொல்லிக்கொண்டே போனார்.

“எங்க வீட்டு ஆளை எடுத்துட்டு வந்தேன் சார். அதுக்கு என்ன செக்ஷன்?” என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “போங்கம்மா” என்றார்.


நவம்பர் 17, திங்கள்

மகள் ஷைனி கோவையிலிருந்து போன் செய்தாள். நர்சிங் இரண்டாம் வருடம். ஹாஸ்டலில் யாரோ வீடியோ காட்டினார்களாம். கத்தியோடு ஸ்டூல் மேல் நிற்பது நீதானா என்று கேட்டாள். நான்தான் என்றேன். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, சிக்னல் சரியில்லை.

தூக்கம் நன்றாக வருகிறது. அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.


நவம்பர் 22, சனி

போஜன் வந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது, இருபத்தைந்து வயதுக்காரனைப் போல நிமிர்ந்து நிற்பார். இன்று கடை வாசலில் குனிந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை. டீயும் கொடுக்கவில்லை.

உத்தரவு இல்லாத நாளில் அவர்கள் பட்டாளம் கிடையாதாம், பொதுஜனமாம். உத்தரவு இல்லாமல் யூனிஃபார்ம் போட்டது குற்றமாம். பட்டாலியனுக்கு யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள், விசாரணை வரலாம். அவர் பட்டாளத்தானாகத்தான் போனார் என்று நான் ஊரைக் கூட்டிச் சொன்னால், மீதி ஐந்து பேரும் உடுப்போடு போனதை நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். ஐந்து பேரின் வேலையும் போகலாம். இதையெல்லாம் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

அப்புறம் சொன்னார்: “அவனுக்குப் போன் பண்ணினது நான்தான், தங்கச்சி.”

தெரியும் என்றேன். நின்றுகொண்டே இருந்தார். கால் கிலோ வர்க்கி கட்டிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு என்று சொன்னேன். அவருக்கென்று நினைத்துவிடக்கூடாது.


டிசம்பர் 3, புதன்

பட்டாலியனுக்குப் போய் வந்தேன். இருபது வருடமாக அவர் போய் வந்த இடம், நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற காவலாளி பெயர் கேட்டான். அவர் அடையாள அட்டையை நீட்டியதும் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னான்.

மேஜர் வடக்கத்தியர். தமிழ் உடைத்து உடைத்துப் பேசினார், ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். விதி விதிதான் என்றார். அழைப்பு இல்லாதபோது இறந்தவரைப் பணியில் இறந்தவர் என்று பட்டாலியனாக எழுத முடியாது. ஒரு வழி இருக்கிறது. அன்று காலை உதவி கேட்டது தாங்கள்தான் என்று தாலுக்கா நிர்வாகம் எழுதிக் கொடுத்தால், அதை மேலே அனுப்பலாம். ஐந்து பேர் யூனிஃபார்ம் போட்டதற்கும் அது பதிலாகிவிடும்.

நான் எழுந்தபோது மேஜரும் எழுந்தார். “அவர் வர்க்கி, நாங்கள் எல்லாரும் சாப்பிடுவோம். ஒவ்வொரு கேம்ப்பும் பெரிய டின் கொண்டு வருவார்” என்றார்.

எனக்கு அது தெரியாது. அந்த டின்களை அவர் கடைக் கணக்கில், மழையில் நனைந்து வீணானது என்று எழுதி வைத்திருந்தார்.


டிசம்பர் 5, வெள்ளி

தாசில்தாரைப் பார்க்க முழுக் காலையும் காத்திருந்தேன். அன்று கிளம்புவதற்கு முன் போஜன் தாலுக்கா கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தது உண்மை. வண்டி வர நேரமாகும், யார் இருக்கிறீர்களோ போங்கள் என்று அங்கிருந்து சொன்னதும் உண்மை. தாசில்தார் இரண்டையும் மறுக்கவில்லை.

“வாய்வார்த்தையா சொல்லியிருப்பாங்கம்மா. எழுத்துல ஒண்ணும் இல்லையே” என்றார். எழுத்தில் கொடுத்தால், அந்த மாதிரி இடத்துக்குப் பயிற்சி இல்லாத ஆட்களை யார் அனுப்பியது, ஒருவர் செத்ததற்கு யார் பொறுப்பு என்று கேள்வி வரும். இறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தாகிவிட்டது, அதற்கான உதவியும் முறைப்படி வந்துவிடும். நான் அதற்கு வரவில்லை என்றேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“அவர் பேர் எந்தப் பக்கம் இருந்தா என்னம்மா? மரியாதை மரியாதைதானே?”

“எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான்னா, காப்பாத்தப் போனவங்க பக்கமே இருந்துட்டுப் போகட்டுமே சார்.”

தாசில்தார் மணியை அடித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.


டிசம்பர் 6, சனி

தாலுக்கா எழுதிக் கொடுத்தால் ராணுவம் ஒத்துக்கொள்ளும். எங்கள் ஆள் என்று ராணுவம் சொன்னால்தானே நாங்கள் எழுத முடியும் என்கிறது தாலுக்கா. இரண்டு கதவுக்கும் நடுவில் என்னை நடக்க விட்டிருக்கிறார்கள்.

இனி கேட்கப்போவதில்லை. கேட்டால்தானே இல்லை என்பார்கள்.


டிசம்பர் 10, புதன்

லைன் ஜனங்கள் இன்னும் மாதா கோயில் ஹாலில்தான் இருக்கிறார்கள். சாயங்காலம் மீந்த ரொட்டியை அங்கே கொடுத்துவிட்டு வருகிறேன். வேலைக்கு இருக்கும் மரியண்ணன், இந்த வாரம் ஏன் ரொட்டி இவ்வளவு மீந்துபோகிறது, மாவைக் குறைக்கட்டுமா என்று கேட்டார். குறைக்க வேண்டாம் என்றேன்.


டிசம்பர் 19, வெள்ளி

ஹாலின் மூலையில் பரமசிவத்தின் கட்டில். இத்தனை நாள் அந்தப் பக்கம் நான் போகவில்லை. வழியில் சாமான்கள் கிடந்தன. இன்று அவரே கையசைத்துக் கூப்பிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் பேச்சு குழறும். கிட்டே போய்க் கேட்டால் புரியும்.

“என்னைப் பார்த்தா உனக்கு ஆத்திரமா இருக்கும், இல்லையா?”

இல்லை என்றேன். வர்க்கிப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தேன். கொஞ்சம் வேகமாகத்தான் வைத்துவிட்டேன், இரண்டு நொறுங்கின.

பரமசிவம் நொறுங்கியதை எடுத்து வாயில் போட்டு ஊறவைத்தபடி சொன்னார். அன்று என் வீட்டுக்காரரைப் பார்த்ததும், “நான் இருந்து என்ன பண்ணப்போறேன், என்னை விட்டுட்டுப் புள்ளைங்களைப் பாரு” என்று சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவில்லை.

“என்ன சொன்னாரு?” என்றேன்.

“‘அண்ணே, வாயை மூடிக்கிட்டு கழுத்தைக் கெட்டியாப் புடிங்க’ன்னான். வழி பூராவும் திட்டிக்கிட்டே வந்தான். என் கனம் அப்படி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூட்டை தூக்கும்போதும் அவர் அப்படித்தான். மைதா மூட்டையைத் திட்டிக்கொண்டே தூக்குவார், திட்டிக்கொண்டே பத்திரமாக இறக்கி வைப்பார்.

வீட்டுக்கு வரும் வழியில் மழை. முகமெல்லாம் நனைந்துவிட்டது.


டிசம்பர் 25, வியாழன்

பிளம் கேக்கில் அவர் ரம்மைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவார். நானும் ஊற்றினேன். ஒருவரும் கேக்கைத் திருப்பித் தரவில்லை.


ஜனவரி 12, திங்கள்

புது டைரி. மைதாக் கடைக்காரர் இந்த வருடமும் கொடுத்துவிட்டார்.

வருவாய் ஆய்வாளர் ஐயா கடைக்கு வந்தார். நல்ல மனிதர், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார். குடியரசு தினத்தன்று பள்ளி மைதானத்தில் விழா. மேல்பாலத்தில் மீட்புக்கு உதவிய ‘தன்னார்வலர்கள்’ ஐந்து பேருக்குச் சால்வையும் கேடயமும். சப்-கலெக்டர் அம்மா வந்து கொடுக்கிறார். ஐந்து பேரும் சாதாரண உடையில் வரவேண்டும், யூனிஃபார்ம் என்ற பேச்சே வரக்கூடாது. அதற்கு முன்னால் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி. இறந்தவர் குடும்பங்களுக்கு இடதுபக்கம் தனி வரிசை, எனக்கு அதில் ஒரு நாற்காலி.

“வருவீங்களா?” என்றார்.

வருகிறேன் என்றேன். அவருக்கு நிம்மதியாகிவிட்டது. ஒரு பாக்கெட் ரஸ்க் வாங்கிக்கொண்டு போனார்.


ஜனவரி 24, சனி

ஐந்து பேரும் பேக்கரிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். மைதா மூட்டைகள் மேல்தான் உட்கார இடம். எல்லோருக்கும் டீ போட்டேன். போஜனுக்கும்தான்.

பேசி முடிவு செய்துவிட்டு வந்திருந்தார்கள். திங்கட்கிழமை ஐந்து பேரும் யூனிஃபார்மில் மேடை ஏறுவதாக. ஆனது ஆகட்டும் என்றான் தவமணி. பரமசிவத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டவன் அவன்தான். அன்றிலிருந்து லாரியில் கொண்டை ஊசி வளைவு வந்தால் நிறுத்திவிட்டு இறங்கி நிற்கிறானாம், மற்றவர்கள் சொன்னார்கள்.

நான் கூடாது என்றேன். தவமணிக்கு இரண்டு பெண் குழந்தைகள். போஜனுக்கு இன்னும் சில வருடம் போனால் ஓய்வூதியம். யூனிஃபார்மோடு மேடை ஏறினால் அதையே காரணமாக வைத்து ஐந்து பேரையும் வெளியே அனுப்புவார்கள். அப்புறம் ஊரே அதைப் பற்றித்தான் பேசும், அவரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

“அவரை வெச்சு உங்க உடுப்பைக் கழட்ட நான் விடமாட்டேன்” என்றேன். “வெள்ளைச் சட்டை போட்டுட்டே போங்க. போய்ட்டு, என்ன செய்யறதுன்னு உங்களுக்கே தெரியும்.”

போஜன் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு, “ஆகட்டும் தங்கச்சி” என்றார். என்ன ஆகட்டும் என்று நான் கேட்கவில்லை.

டம்ளர்களைக் கழுவி வைக்கும்போது ஒன்று அதிகம் இருந்தது. என்னோடு ஆறு பேருக்கு ஏழு டீ போட்டிருக்கிறேன்.


ஜனவரி 26, திங்கள்

நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மைதானம் நிறைந்திருந்தது. லைன் ஜனங்கள் மொத்தமாக வந்து பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். பரமசிவத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி வந்து மரத்தடியில் வைத்தார்கள். நான் எனக்குச் சொன்ன இடத்தில், இடது வரிசையில் உட்கார்ந்தேன். கொடி ஏறியது. மௌன அஞ்சலியில் ஏழு பெயர்களைப் படித்தார்கள். அவர் பெயர் வந்தபோது பக்கத்திலிருந்த அம்மா என் கையைப் பிடித்தாள். ஓரத்து வீட்டில் மகனைப் பறிகொடுத்தவள். நான் கையை எடுக்கவில்லை.

பிறகு ஐந்து பேரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டையில் ஒரே சீராகப் போய் நின்றார்கள். மேசையில் ஐந்து கேடயம், ஐந்து சால்வை. சப்-கலெக்டர் சின்ன வயசுப் பெண், ஷைனியைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். சால்வையை விரித்துக்கொண்டு போஜன் முன்னால் வந்தார்.

போஜன் ஒரு எட்டு பின்னால் போனார். கால்களை அகட்டி, கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்த நொடி மற்ற நால்வரும் அப்படியே நின்றார்கள். பட்டாளத்தார் அணிவகுப்பில் நிற்கிற நிலை அது. முன்னால் நீள ஒரு கைகூட இல்லை.

சப்-கலெக்டர் சால்வையோடு நின்றார். தாசில்தார் எழுந்து ஓடிவந்து போஜனிடம் ஏதோ சொன்னார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் போஜன் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“மன்னிக்கணும் மேடம். போனது ஆறு பேர்.”

சப்-கலெக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “ஐந்துன்னுதானே இருக்கு?”

“ஆறாவது ஆள் பேரை வேற லிஸ்ட்ல போட்டுட்டாங்க மேடம். அவனை இந்தப் பக்கம் எடுத்தா நாங்க வாங்கிக்கறோம்.”

நான் எழுந்தேன். தாசில்தார் மேடையிலிருந்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். படியில் நின்ற வருவாய் ஆய்வாளர் என்னைத் தடுக்க வேண்டியவர். அவர் செருப்பைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார். மேடை ஏறி, வரிசைக் கடைசியில் தவமணிக்குப் பக்கத்தில் போனேன். முகத்தைத் திருப்பாமலே அவன் ஒரு அடி நகர்ந்து இடம் விட்டான். நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

சப்-கலெக்டர் என்னிடம் வந்தார். “நீங்க?”

“ஆறாவது ஆளோட வீட்டுக்காரி, மேடம்.”

“அவர் பேர்?”

இருபது வருடத்தில் அந்தப் பெயரை நான் ஒருவர் முன்னாலும் சொன்னதில்லை. பட்டாலியன் வாசலில் காவலாளி கேட்டபோதுகூட அவர் அடையாள அட்டையைத்தான் நீட்டினேன். ஷைனியின் அப்பா, வீட்டுக்காரர், அவர். இவ்வளவுதான். இன்று சத்தமாகவே சொன்னேன். 

“லான்ஸ் நாயக் ராயப்பன்.”

மைக்கில் போய் மைதானத்தைச் சுற்றி வந்தது.

“இவர் நிலச்சரிவில் இறந்தவர்தானே?” என்றார் அவர், மெதுவாக. கேட்டது குத்தலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

நான் பதில் சொல்வதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு குழறிய குரல் வந்தது. பரமசிவம். யாரோ அவரைக் கைத்தாங்கலாக நிமிர்த்திப் பிடித்திருந்தார்கள்.

“அவன் சிக்கலை. போனான். என்னைத் தூக்கிட்டு வந்து விட்டுட்டு, திரும்பவும் போனான்.”

அவர் எத்தனை பேருக்குப் புரியும்படி சொன்னார் என்று தெரியாது. லைன் ஜனங்களுக்குப் புரிந்தது. தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்தார்கள். கைதட்டல் இல்லை. எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். நாற்காலி வரிசைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன.

சப்-கலெக்டர் தாசில்தாரிடம் இரண்டு கேள்வி கேட்டார். என்ன கேட்டார் என்று காதில் விழவில்லை. தாசில்தார் தலையைச் சொறிந்துகொண்டே பதில் சொன்னது தெரிந்தது. பிறகு அந்தப் பெண் மைக்கைக் கையில் வாங்கி, போஜனிடம் பதவியைக் கேட்டுக் கேட்டு, ஆறு பெயர்களையும் அவரே சொன்னார். ஹவில்தார் போஜன் என்று ஆரம்பித்து, லான்ஸ் நாயக் ராயப்பன் என்று முடித்தார். ‘மீட்கப் போனவர்கள்’ என்றார். தன்னார்வலர் என்ற வார்த்தை வரவில்லை.

கேடயம் ஐந்துதான் இருந்தது. ஆறாக வரும்போது வாங்கிக்கொள்கிறோம் என்று போஜன் சொல்லிவிட்டார். வெறுங்கையோடு இறங்கினோம். அப்போது தேசிய கீதம் போட்டுவிட்டார்கள். உட்காரலாம் என்று நினைத்தவர்களும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதாயிற்று.


ஜனவரி 28, புதன்

பட்டாலியனிலிருந்து போஜனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகும் வழியில் கடைக்கு வந்தார். யூனிஃபார்ம் போட்டீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லப்போவதாகச் சொன்னார். பொய் சொல்லுங்கள் என்று எனக்கு வாய்வரை வந்தது. பெரிய டின் நிறைய வர்க்கி கொடுத்தனுப்பினேன். நனையாமல் கொண்டுபோகச் சொன்னேன்.


பிப்ரவரி 2, திங்கள்

செய்தி ஒன்றும் இல்லை. ஷைனி தினமும் இரண்டு வேளை கூப்பிடுகிறாள். தவமணி லாரியை எடுத்துக்கொண்டு ஊட்டி வரை போய் வந்தான், எங்கும் நிறுத்தவில்லையாம். வந்து சொல்லிவிட்டுப் போனான்.


பிப்ரவரி 11, புதன்

போஜன் திரும்பிவிட்டார். ஐந்து பேருக்கும் எழுத்தில் ஒரு எச்சரிக்கை, அதோடு சரி. ஒருவர் வேலையும் போகவில்லை. நவம்பர் மூன்றாம் தேதி காலை தாலுக்கா கட்டுப்பாட்டு அறைதான் உதவி கேட்டது என்று சப்-கலெக்டர் கையெழுத்துப் போட்டு பட்டாலியனுக்கு அனுப்பிவிட்டாராம். அவரைப் பணியில் இறந்தவராக எழுத அது இன்னும் மேலே போய் வரவேண்டும். ஆனால் மேஜர் அதுவரை காத்திருக்கவில்லை. உணவுக்கூடச் சுவரில் அவர் படத்தை மாட்டிவிட்டார்கள். தொப்பியோடு, உடுப்போடு. போஜன் போனில் எடுத்து வந்து காட்டினார்.

போனை வாங்கிப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்க நேரமாயிற்று. போஜன் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு இன்னைக்கு ஒண்ணும் முடியலைங்ணா” என்றேன். மாவு பிசையும் மேசையில் தலையை வைத்து அழுதேன். அந்த மூன்றாம் தேதிக்குப் பிறகு முதல் தடவை. மரியண்ணன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.


பிப்ரவரி 20, வெள்ளி

வருவாய் ஆய்வாளர் ஒரு துணிப்பையோடு வந்தார். பைக்குள் கேடயம், சால்வை. எடுத்துக் காட்டினார். எழுத்தைப் படித்துப் பார்த்தேன். பதவி சரியாக இருக்கிறது, பெயர் சரியாக இருக்கிறது. மற்ற ஐந்து பேருக்கும் வீட்டிலேயே கொடுத்துவிடச் சொல்லி உத்தரவாம். ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

துணிப்பையில் வைத்து கடை வாசலில் கொடுக்கிற மரியாதையா இது என்று கேட்டேன். கோட்டு மாட்டியது நடு பஸ் நிலையத்தில்; கழற்றுவது மட்டும் பின்வாசலிலா? ஆறையும் மைதானத்தில், ஊர் பார்க்கக் கொடுக்கச் சொன்னேன்.

“ஆகஸ்ட் பதினஞ்சு வரைக்கும் வேற விழா எதுவும் இல்லையேம்மா” என்றார்.

“வரட்டும் சார். நாங்க ஆறு பேரும் இங்கதானே இருக்கப்போறோம்.”

 அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டீ கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தார். பையைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் போனார்.